மொடியூல்களை வைத்து வீட்டுக்கொரு பவர் அம்ப்ளிபயர்: ஸ்பீக்கரில் தொடங்கிப் பெட்டி பூட்டும் வரை

அக்காவின் மகன் ஒருநாள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து உள்ளங்கையளவு போர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான். உறையில் '50 வாட் + 50 வாட்' என்று போட்டிருந்தது. மற்றக் கையில் பழைய ரவுட்டர் ஒன்றின் 12 வோல்ட் அடாப்டர்.

"மாமா, இதைக் கொழுவினால் பாடும்தானே?"

"பாடும். ஆனால் 50 வாட் வராது."

அவனுக்குப் பிடிக்கவில்லை. கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கிலிருந்துதான் எந்த அம்ப்ளிபயரும் தொடங்க வேண்டும். மொடியூல், அதாவது இப்படியான தயார் போர்ட், வாங்குவது அரை மணி நேர வேலை. அதற்கு எத்தனை வோல்ட் கொடுப்பது, எர்த்தை எங்கே சேர்ப்பது, சூட்டை எப்படி வெளியே விடுவது, எந்தப் பெட்டிக்குள் அடக்குவது என்ற நாலும்தான் மிச்ச மூன்று மாதத்தையும் தின்னும்.

ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரின் பின்பக்கம் இரண்டு எண்கள் தேடுங்கள். ஒன்று ஓம்: 8, 6 அல்லது 4. மற்றது டெசிபல் கணக்கில் எழுதியிருக்கும் உணர்திறன். வீட்டு ஸ்பீக்கர்களில் 85 முதல் 90 வரை இருக்கும். 87 என்று இருந்தால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்காக்கினால் 10 கூடும். ஆக 20 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 100 டெசிபல். அடுக்குமாடி வீட்டில் அந்தச் சத்தத்தை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், கீழ்வீட்டு அன்ரி படியேறி வருவார்.

அப்படியானால் 50 வாட் எதற்கு? தவிலுக்கு. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைச் சாதாரண சத்தத்தில் கேட்கும்போது சராசரியாக ஒரு வாட்கூடப் போவதில்லை. ஆனால் தவிலில் ஓர் அடி விழுகிற அந்தக் கணத்துக்கு இருபது முப்பது மடங்கு தேவைப்படும். அது இல்லாவிட்டால் அடியின் தலை வெட்டுப்பட்டு, தவில் பலகையில் தட்டியது மாதிரிக் கேட்கும்.

இப்போது மருமகனுக்குப் போட்ட கணக்கு. ஸ்பீக்கருக்குப் போகும் உச்ச வோல்டை அதே எண்ணால் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் வாட் வரும். அவனிடமிருந்த வகைப் போர்ட்டில் உச்ச வோல்ட் சப்ளையின் வோல்டைத் தாண்டாது. 12ஐ 12ஆல் பெருக்கினால் 144. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதை 16ஆல் வகுத்தால் 9 வாட். அவ்வளவுதான், அதிலும் கொஞ்சம் போர்ட்டுக்குள்ளேயே போய்விடும். 19 வோல்ட் லப்டொப் சார்ஜர் போட்டால் 22. 24 வோல்டில் 36. 4 ஓம் என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. எந்த உறையில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்தக் கணக்கை மீற முடியாது. 'பிஎம்பிஓ 1000 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய செட்டுகளோடு வளர்ந்த நமக்கு இதை நம்பக் கொஞ்சம் நாள் எடுக்கும்.

எந்த மொடியூல்?

கடையில் கிடைப்பதை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, டிபிஏ3116 போன்ற சிப் உள்ள கிளாஸ் டி போர்ட்கள். 4.5 முதல் 26 வோல்ட் வரை ஒற்றைச் சப்ளையில் ஓடும். வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்கே போவதால் சூடு குறைவு. 230 வோல்டைத் தொடாமல் முடிக்கலாம் என்பதால் முதல் முறை செய்பவருக்கு இதுதான். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்டதும் இந்த வகைப் போர்ட்டில்தான், 12 வோல்ட் பற்றரி ஒன்றை மாட்டி.

இரண்டாவது, எல்எம்3886, டிடிஏ7293 போன்ற சிப் உள்ள கிளாஸ் ஏபி போர்ட்கள். இவற்றுக்குக் கூட்டல், கழித்தல் என இரட்டைச் சப்ளை வேண்டும். ட்ரான்ஸ்போமர், பெரிய கப்பாசிட்டர், ஹீட்சிங்க் (சூட்டை வெளியே விடும் துடுப்புள்ள உலோகக் கட்டை) என்று பாரமும் செலவும் கூடும். என் அறையில் ஓடுவது இதுதான். கிளாஸ் டியை விடக் காதுக்கு நல்லது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பழுதானால் திறந்து நானே திருத்தலாம் என்பதுதான் காரணம்.

மூன்றாவது, நெதர்லாந்தின் ஹைபெக்ஸ், டென்மார்க்கின் ஐஸ்பவர் போன்றவர்களின் முழு மொடியூல்கள். பல மொடல்களில் பவர் சப்ளை அதே போர்ட்டிலேயே இருக்கும். தரம் மிக நல்லது. விலையும் சுங்க வரியும் கைக்கடக்கம் என்றால், பெட்டிக்குள் வைத்து வயர் கொழுவுவதோடு வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கவனம்: அந்தப் போர்ட்டின் ஒரு பகுதியில் 230 வோல்ட் நேர்மின்சாரமாகி 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் நிற்கும்.

கடை

முதலாம் குறுக்குத் தெருவுக்குச் சனிக்கிழமை மதியம் போகாதீர்கள். வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் கடைக்காரருக்கும் பேச நேரமிருக்கும். நான் வழமையாகப் போகும் கடையில் ஒருமுறை சிப்பைக் காட்டி "ஒரிஜினலா நானா?" என்று கேட்டேன். "ஒரிஜினல் எண்டு சொன்னா நம்புவீங்களா தம்பி? கொண்டு போய்ப் போட்டுப் பாருங்க" என்றார். இவ்வளவு நேர்மையான பதில் வேறெங்கும் கிடைத்ததில்லை.

போலி நிறைய உண்டு. அதிகம் ஏமாறுவது சிப்பில் இல்லை, கப்பாசிட்டரில். 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் என்று எழுதியது ஒரு சின்னச் சோடாப் போத்தல் மூடி அகலத்தில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உண்மையானது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும், கையில் பாரம் தெரியும். ட்ரான்ஸ்போமருக்கும் அதே சோதனைதான். 300 விஏ (வோல்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) டொரோயிட், அதாவது வளைய வடிவ ட்ரான்ஸ்போமர், ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒரு கிலோவில் இருந்தால் அது 300 விஏ இல்லை. பழைய யூபிஎஸ் ட்ரான்ஸ்போமரை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். அது பற்றரி வோல்டுக்காகச் சில நிமிட வேலைக்குச் சுற்றியது, நமக்கு உதவாது.

இந்த நகரத்தில் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒலி எழுப்புவது நூறு வருடப் பழக்கம். 1920களில் தந்தித் திணைக்களத் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அங்கிருந்த பொறியியலாளர்களும் இங்கே முதல் வானொலிப் பரிசோதனை செய்தது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கட்டிய ஒலிபரப்பியில்தான். அவர்களோடு ஒப்பிட்டால் நமக்குப் பரவாயில்லை, பில்லாவது கிடைக்கிறது.

சின்ன அம்ப்ளிபயர், ஒரு பின்னேர வேலை

மருமகனின் போர்ட்டுக்குப் பழைய லப்டொப் சார்ஜர் ஒன்று கொடுத்தேன். 19 வோல்ட், 3.42 ஆம்பியர், அதாவது 65 வாட். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்குத் தாராளம். 4 ஓம் என்றால் 4.74 ஆம்பியர், 90 வாட் சார்ஜர் தேடுங்கள்.

சார்ஜர் முனையின் கூட்டல், கழித்தலை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே போர்ட்டில் கொழுவுங்கள். மாறிக் கொடுத்தால் பெரும்பாலான மலிவுப் போர்ட்கள் அந்த நொடியே போய்விடும். சார்ஜருக்கான சொக்கெட், இரண்டு ஆர்சிஏ சொக்கெட் (சிவப்பு வெள்ளை ஓடியோ வயர் மாட்டுகிற வகை), ஸ்பீக்கர் டேர்மினல் நாலு, ஒரு பிளாஸ்டிக் அல்லது மரப்பெட்டி. வேறு ஒன்றும் வேண்டாம்.

பலர் போர்ட்டை எரிப்பது ஸ்பீக்கர் பக்கத்தில். இந்த வகைப் போர்ட்டில் ஸ்பீக்கரின் கழித்தல் முனை எர்த் இல்லை. இரண்டு முனையும் வேலை செய்கின்றன, இரண்டிலும் சப்ளையின் பாதி வோல்ட் நிற்கிறது. ஆகவே இடது வலது ஸ்பீக்கர்களின் கழித்தலை ஒன்றாக முறுக்கக் கூடாது, பெட்டியின் உலோகத்தில் படக் கூடாது, எர்த்தோடு சேரக் கூடாது. பழைய செட்டுகளில் மூன்று வயரில் இரண்டு ஸ்பீக்கர் ஓட்டிய பழக்கம் இங்கே உதவாது.

இரண்டு பின் சார்ஜர் போட்டால் உலோகப் பாகத்தைத் தொடும்போது சில வேளை 'சுர்' என்று உணர்வீர்கள். சார்ஜருக்குள் உள்ள சின்னக் கப்பாசிட்டர் ஒன்றின் வழியே கசியும் மிகச் சிறு மின்சாரம் அது. மூன்று பின் சார்ஜரில் பொதுவாக இது இருக்காது. அப்புறம் அதில் வேறொரு தொல்லை வரலாம், அது கீழே இரைச்சல் பகுதியில் இருக்கிறது.

பெரிய அம்ப்ளிபயர்: முதலில் பவர் சப்ளை

இனி எழுதுவது எல்எம்3886 போர்ட் இரண்டு வைத்து, 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் 50 வாட் தரும் அம்ப்ளிபயர். 230 வோல்ட் பெட்டிக்குள் வருகிறது. மெயின் வயரில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் பிளக்கிலிருந்து ட்ரான்ஸ்போமர் வரையான பகுதியை ஓர் எலக்ட்ரிஷியனைக் கொண்டு செய்வியுங்கள். வீட்டு எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பழைய வட்டப் பின் சொக்கெட் உள்ள வீடுகளில் எர்த் வயர் சுவருக்குள் எங்கோ அறுந்து கிடப்பது புதினமில்லை.

50 வாட், 8 ஓம் என்றால் உச்ச வோல்ட் 28. சிப் தனக்கென்று நாலைந்து வோல்ட் வைத்துக்கொள்ளும், சத்தம் கூடும்போது சப்ளையும் கொஞ்சம் இறங்கும். ஆகவே ±35 வோல்ட் அளவில் வேண்டும். ட்ரான்ஸ்போமரின் ஏசி வோல்டை 1.414ஆல் பெருக்கி டையோட்டுக்கு ஒன்றரை வோல்ட் கழித்தால் டிசி வரும். 24-0-24 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட்) வாங்கினால் கணக்குப்படி 32 அளவு. பாரம் ஏறாதபோது ட்ரான்ஸ்போமர் குறித்த வோல்டை விடக் கொஞ்சம் கூடவே தரும், 35 வரை நிற்கும். கூடத்தானே நல்லது என்று 30-0-30 போடாதீர்கள். இந்தச் சிப்பின் தாங்கும் எல்லை சிக்னல் ஓடும்போது மொத்தம் 84 வோல்ட், அதன் ஓரத்தில் போய் நிற்பீர்கள். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 18-0-18 போதும். வோல்ட் குறைவு, ஆனால் கறண்ட் ஏறத்தாழ 1.4 மடங்கு, வாட் அதேயளவுதான்.

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 250 முதல் 300 விஏ தாராளம். டொரோயிட் என்றால் இரண்டாம் பக்கத்தில் பொதுவாக நாலு வயர் வரும், இரண்டு தனிச் சுற்று. ஒன்றின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் சேர்த்தால் அது நடு முனை. சரியாகச் சேர்த்தோமா என்பதை நிறத்தை வைத்து நம்பாமல் ஏசி வோல்டில் அளந்து பாருங்கள். மிச்சமிருக்கும் இரு முனைகளுக்கிடையே 48 காட்டினால் சரி. பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஒரு சுற்றைத் திருப்ப வேண்டும்.

அந்த இரு முனைகளும் 35 ஆம்பியர் உலோக முதுகுப் பிரிட்ஜ் ரெக்டிஃபயரின் (ஏசியை டிசியாக்கும் நாலு டையோட் கட்டு) ஏசி கால்களுக்கு. நடு முனை நேராகக் கப்பாசிட்டர்களின் நடுவுக்கு. கூட்டல் பக்கம் ஒன்று, கழித்தல் பக்கம் ஒன்று, 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட், கிடைத்தால் 63. கழித்தல் பக்கக் கப்பாசிட்டரில் கூட்டல் கால் நடுவுக்கு வரும் என்பதை இரண்டு தரம் பாருங்கள். பிழையாகக் கொழுவினால் தீபாவளி முன்கூட்டியே வந்துவிடும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சுவிட்சை அணைத்த பிறகு இரண்டு நிமிடத்துக்குள் கப்பாசிட்டரைக் காலியாக்குவது அதன் வேலை. நான் முதல் பெட்டியில் இதைப் போடவில்லை. அணைத்துவிட்டேன் என்ற தைரியத்தில் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு, அதன் நுனியில் இன்றும் ஒரு பள்ளம் இருக்கிறது.

மெயின் பக்கம்: பியூஸும் சுவிட்ச்சும் சேர்ந்த மூன்று பின் இன்லெட், கொம்பியூட்டர் பவர் கோட் மாட்டுகிற வகை. உள்ளே 2 ஆம்பியர் மெதுவாக எரியும் பியூஸ். டொரோயிட் சுவிட்ச் போட்ட கணத்தில் ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், வேகமான பியூஸ் அதில் வீணாகப் போகும். 13 ஆம்பியர் பிளக்குக்குள் 3 ஆம்பியர் பியூஸ். 230 வோல்ட் ஓடும் ஒவ்வொரு இணைப்புக்கும் மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய், சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற வகை. இன்சுலேஷன் டேப் இந்தச் சூட்டில் ஒரு வருடத்தில் பசை விட்டுக் கழன்றுவிடும்.

டொரோயிட்டைப் பெட்டியில் பிடிக்கும் நடு ஆணி பற்றி ஒரு வார்த்தை. அதன் கீழ் நுனி பெட்டியில் பூட்டியிருக்கும். மேல் நுனி மூடியில் தொட்டால், ஆணியும் பெட்டியும் சேர்ந்து ட்ரான்ஸ்போமரைச் சுற்றிய ஒரு முழுச் சுற்றாகிவிடும், ஷோர்ட் ஆன சுற்று. ட்ரான்ஸ்போமர் உறுமி, சுட்டு, பியூஸ் போகும். மூடியைப் போடுவதற்கு முன் அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பாருங்கள்.

எர்த்

என்னை அதிக நாள் தூங்கவிடாத பகுதி இது. முதல் பெட்டியை ஒரு வெள்ளிக்கிழமை இரவு முடித்தேன். ஸ்பீக்கரில் 'ர்ர்ர்ர்' என்ற இரைச்சல். மூன்று கிழமை போர்ட்டையும் சிப்பையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், சிக்னலின் எர்த் வயரை ட்ரான்ஸ்போமர் நடு முனைக்கும் கப்பாசிட்டருக்கும் இடைப்பட்ட வயரில் சோல்டர் பண்ணியிருந்தேன்.

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பிரிட்ஜைத் தாண்டினால் கப்பாசிட்டரை நிரப்பும் மின்சாரம் நொடிக்கு 100 தரம் அடி அடியாகப் பாய்கிறது. அந்த வயரில் பாய்ச்சலுக்கு ஏற்ப மில்லிவோல்ட் கணக்கில் வோல்ட் ஏறி இறங்கும். அதை எர்த் என்று நினைத்து சிக்னலைச் சேர்த்தால், அம்ப்ளிபயர் அந்த மில்லிவோல்டை 20 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

ஆகவே ஒழுங்கு இது. நடு முனை கப்பாசிட்டர்களின் நடுவுக்குப் போகட்டும். அங்கிருந்து ஒரே ஒரு தடித்த, குட்டையான வயர் தனியான ஓர் ஆணிக்கு. அந்த ஆணிதான் நட்சத்திரத்தின் நடு. இரண்டு போர்ட்டின் பவர் எர்த், இரண்டு ஸ்பீக்கரின் கழித்தல் வயர், எல்லாம் தனித்தனியாக அங்கே வரட்டும். சிக்னல் எர்த் ஆர்சிஏ சொக்கெட்டிலிருந்து போர்ட்டின் இன்புட்டுக்கு மட்டும் போகட்டும், வேறெங்கும் தொட வேண்டாம். சொக்கெட்டுகள் பெட்டியின் உலோகத்தில் படாத வகையாக இருக்க வேண்டும்.

உலோகப் பெட்டி வேறு கதை. மெயின் எர்த்தின் பச்சை மஞ்சள் வயர் இன்லெட்டிலிருந்து நேராகப் பெட்டியில், பெயின்ட் சுரண்டிய இடத்தில், தனக்கென ஓர் ஆணியில் இறுக வேண்டும். உயிரைக் காப்பது அந்த வயர்; இரைச்சலைக் குறைக்க அதைக் கழற்றுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நட்சத்திர ஆணிக்கும் பெட்டிக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதற்குக் குறுக்கே இன்னொரு 35 ஆம்பியர் பிரிட்ஜும் போடுவது வழக்கம். பிரிட்ஜின் ஏசி கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பக்கம், கூட்டல் கழித்தல் கால்களைச் சேர்த்து மற்றப் பக்கம். சாதாரண நேரத்தில் ரெசிஸ்டர் எர்த் வட்டத்தை (இரண்டு வழியாக எர்த் சேர்வதால் இரைச்சல் தரும் வட்டம்) தளர்த்தும், ஏதாவது பெரிய பழுது வந்தால் பிரிட்ஜ் வழியே மின்சாரம் எர்த்துக்குப் போய்ப் பியூஸை எரிக்கும்.

சூடு

±35 வோல்டில், 8 ஓமில், இந்தச் சிப் மோசமான நிலையில் 31 வாட் சூட்டை வெளிவிடும். இரண்டுக்கு 62. பாட்டுக் கேட்கும்போது அதில் மூன்றிலொரு பங்குகூட வராது. ஆனால் நம் அறையே பகலில் 31, 32 பாகை. டிவி கபினட்டுக்குள் அடைத்தால் 40 தாண்டும். ஒரு வாட்டுக்கு அரைப் பாகை ஏறும் அளவு ஹீட்சிங்க் இரண்டு பக்கமும் வைத்தால் எந்த நாளும் பயமில்லை. வாங்கும்போது அந்த எண் தெரியாவிட்டால், துடுப்புகள் நெருக்கமில்லாமல், உள்ளங்கை இரண்டை விரித்த அளவில், துடுப்பு மேலும் கீழுமாக நிற்கும்படி பார்த்து எடுங்கள். காற்று தானாக மேலே போகும். விசிறி வேண்டாம். கடற்கரைப் பக்கம் விசிறி என்பது உப்பை உள்ளே இழுக்கும் யந்திரம்.

சிப்பின் பெயர் முடிவில் டி மட்டும் இருந்தால் அதன் உலோக முதுகு கழித்தல் 35 வோல்டோடு சேர்ந்தது. மைக்கா தாளும் ஆணிக்குப் பிளாஸ்டிக் வளையமும் இல்லாமல் ஹீட்சிங்கில் பூட்டினால் பெட்டியோடு ஷோர்ட். டிஎஃப் என்று முடிந்தால் முதுகு பிளாஸ்டிக், அந்தக் கவலை இல்லை. எதுவானாலும் பூட்டிய பின் முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். இடையில் பூசும் சூடு கடத்தும் பசை மெல்லியதாகப் போதும், பாணுக்குப் பட்டர் பூசுவது போலப் பூச வேண்டாம்.

பெட்டி, வால்யூம், காவல்

பழைய டிவிடி பிளேயர் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் டொரோயிட் உயரத்துக்கு இடமிருக்காது. பழைய கசெட் டெக் அல்லது விசிஆர் பெட்டி தேடுங்கள். ட்ரான்ஸ்போமர் ஒரு மூலையில், இன்புட் சொக்கெட் அதற்கு எதிர் மூலையில். ஏசி ஓடும் சோடி வயர்களை ஒன்றோடொன்று முறுக்குங்கள்.

வால்யூமுக்கு 10 அல்லது 50 கிலோஓம், இரட்டை, லொக் (லொகரிதம்) வகை. லீனியர் வாங்கினால் கொஞ்சம் திருப்பியவுடனே முழுச் சத்தமும் வந்து நிற்கும்.

ஸ்பீக்கர் காவல் போர்ட் ஒன்றை விட்டுவிடாதீர்கள். சிப் பழுதானால் 35 வோல்ட் டிசி நேராக வூஃபரின் (பாஸ் ஸ்பீக்கரின்) சுருளுக்குப் போய் நொடிகளில் கருக்கிவிடும். டிசியைக் கண்டவுடன் இந்தப் போர்ட்டின் ரிலே ஸ்பீக்கரைக் கழற்றும். சுவிட்ச் போடும்போது வரும் 'டொம்' சத்தமும் இதனால் நிற்கும்.

முதல் முறை சுவிட்ச் போடுவது

60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடி வாங்குங்கள், எல்ஈடி வேண்டாம். அதை லைவ் வயரில் தொடராக வைத்து ஒரு சொக்கெட் பெட்டி செய்துகொண்டால் ஆயுளுக்கும் உதவும்.

போர்ட்களைக் கழற்றிவிட்டு பவர் சப்ளையை மட்டும் அதில் கொழுவுங்கள். பல்பு ஒருதரம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷோர்ட். அணையுங்கள், தேடுங்கள். மங்கிவிட்டால் கூட்டல், கழித்தல் இரண்டையும் அளந்து பாருங்கள், ஒரு வோல்டுக்குள் சமமாக இருக்க வேண்டும். அணைத்து, கப்பாசிட்டர் காலியாகும் வரை மீட்டரில் பார்த்து, ஒரு போர்ட்டைக் கொழுவுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல், இன்புட்டை எர்த்தோடு சேர்த்துவிட்டு, அவுட்புட்டில் டிசி அளக்க வேண்டும். 50 மில்லிவோல்டுக்குள் என்றால் சந்தோஷம். 100 தாண்டினால் கொழுவியதில் பிழை அல்லது சிப்பே போலி. மற்றப் போர்ட்டுக்கும் இதேதான். பிறகு போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஸ்பீக்கர். அதில் ஒரு மணி நேரம் பாடிய பிறகே பல்பைக் கழற்றி, நல்ல ஸ்பீக்கரைக் கொழுவுங்கள்.

பெரும்பாலான போர்ட்டில் பெருக்கம் 20 மடங்கு அளவு. ஃபோனிலிருந்து ஒரு வோல்ட் வந்தால் அவுட்புட்டில் 20 வோல்ட் (இது மீட்டர் காட்டும் ஏசி வோல்ட், உச்சம் 28), 8 ஓமில் அது 50 வாட். ஆகவே தனியாக ப்ரீஅம்ப் (முன்னால் வைத்துச் சிக்னலைக் கூட்டும் அம்ப்ளிபயர்) தேவையில்லை. சில ஃபோன்கள் அரை வோல்ட்தான் தரும், அப்போது ஒரு சின்ன யூஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் பெட்டி) வைத்தால் சரி.

இரைச்சல் கேட்டால்

இன்புட் கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் பிழை பெட்டிக்குள். 'ர்ர்ர்' என்று கரகரத்தால் 100 ஹேர்ட்ஸ், நான் செய்த எர்த் பிழை. 'ம்ம்ம்' என்று மெதுவாக முனகினால் 50 ஹேர்ட்ஸ், ட்ரான்ஸ்போமரின் காந்தப் புலம் இன்புட் வயரில் படுகிறது. ஆணியைத் தளர்த்தி டொரோயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், ஓர் இடத்தில் அடங்கும்.

கழற்றினால் நின்று, கொழுவினால் வருகிறது என்றால் அது எர்த் வட்டம். டிவி, சட்டலைட் பெட்டி, கொம்பியூட்டர் எல்லாம் தங்கள் தங்கள் வழியில் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மூன்று பின் லப்டொப் சார்ஜர் போட்ட சின்ன அம்ப்ளிபயரிலும் இதே தொல்லை வரும். எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு தீரும். தீராவிட்டால் டிவியிலிருந்து ஒப்டிகல் கேபிள் எடுத்து ஒரு டாக்குக்குக் கொடுங்கள். ஒளிக்கு எர்த் கிடையாது.

பூட்டிய பின்

மூடியின் காற்று ஓட்டைகளுக்கு உள்பக்கமாக நுளம்பு வலை ஒட்டுங்கள். இளஞ்சூடான இருட்டுப் பெட்டி பல்லிக்குச் சொர்க்கம். கப்பாசிட்டர் கால்களுக்கிடையில் அது நீட்டிப் படுத்தால் இரண்டு பேரின் கதையும் முடிந்தது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மார்ச், ஏப்ரலிலும் பின்னேர இடி தொடங்கியதும் பிளக்கையும் டிவி கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

காலி வீதிக்குக் கடல் பக்கம் குடியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கர் டேர்மினலில் செம்பு பச்சை பூத்திருக்கும். வயர் நுனியைச் சுரண்டி, புதிதாக ஈயம் பூசி, ஆணிகளை இறுக்கி மூட அரை மணி நேரம் போதும். மருமகனின் பெட்டியை அவன் இதுவரை ஒருதரமும் திறக்கவில்லை. வலது பக்கம் விட்டு விட்டுப் பாடுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறானாம்.